கதைப்புத்தக அலுமாரிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், நூலகங்களுக்குப் புத்தகம் தெரிவு செய்யும் குழுவினருக்கும்,

வணக்கம்.

2025 மே மாதம் தேர்தல் நடந்து, இரண்டு வருடத்துக்கு மேலாக உறுப்பினர்கள் இல்லாமல் கிடந்த சபைகள் திரும்பக் கூடத் தொடங்கியிருக்கின்றன. வருட இறுதியில் வரவுசெலவுத் திட்டம் வரும். வீதி, தெருவிளக்கு, சந்தை, வடிகால் எல்லாவற்றுக்கும் போட்டி இருக்கும் என்று தெரியும். அதற்குள் நூலகத்துக்கென்று ஒரு சிறிய தொகையும் இருக்கும். அந்தத் தொகையில் ஒரு பங்கைத் துப்பறியும் நாவல்களுக்கும் காதல் நாவல்களுக்கும் ஒதுக்குங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் கடைசிவரை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் தையல் தொழில் செய்பவள். என் கடைக்குச் சட்டை தைக்க வருகிற பிள்ளைகள், கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்வருகிற பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், உரக்கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்று ஒரு வட்டம் எங்களுக்குள் புத்தகங்களை மாற்றி மாற்றி வாசிக்கிறோம். நான் போகும் நூலகம் எது என்று இங்கே சொல்லப் போவதில்லை. அங்கே இருக்கும் நூலகர் நல்ல மனிசி, அவவுக்குச் சங்கடம் வேண்டாம். புதிய புத்தகம் வாங்குவதற்கு முன் வாசகர்களிடம் பட்டியல் கேட்டார்கள். நாங்களும் இருந்து யோசித்து எழுதிக் கொடுத்தோம். வந்த பெட்டியில் நாங்கள் கேட்டது ஒன்றுகூட இல்லை. போட்டிப் பரீட்சை வழிகாட்டி, பொது அறிவுத் தொகுப்பு, தலைவர்களின் வாழ்க்கை வரலாறு. கேட்டதற்கு, 'மர்மக் கதைக்கும் காதல் கதைக்கும் மக்கள் பணத்தைச் செலவழிக்க முடியாது' என்று மேலிடத்தில் சொன்னார்களாம். பரீட்சைப் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் மகளும் அப்படிப்பட்ட புத்தகங்களில் படித்துத்தான் வேலைக்குப் போனாள். ஆனால் நூலகத்துக்கு வருபவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதப் போகிறவர்கள் இல்லையே.

ஒருநாள் உங்கள் நூலகத்துக்குப் போய் ஒரு வேலை செய்து பாருங்கள். கண்ணாடி அலுமாரியில் இருக்கும் கனத்த கலைக்களஞ்சியம் ஒன்றை எடுத்துப் பின்னட்டையைத் திறவுங்கள். திகதி முத்திரை குத்தும் தாள் வெள்ளையாகவே இருக்கும். பிறகு மூலையில் கிடக்கும் ரமணிசந்திரனின் பழைய காதல் நாவல் ஒன்றை எடுங்கள். அந்தத் தாள் நிறைந்து, அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டி, அதுவும் நிறைந்து, முத்திரைக்கு இடமில்லாமல் ஓரத்தில் பேனாவால் திகதி எழுதியிருப்பார்கள். எங்கள் நூலகத்தில் ராஜேஷ்குமார் நாவல் ஒன்று இருக்கிறது. முதுகு கிழிந்து, யாரோ ஒரு பிள்ளை கலண்டர் மட்டையை வெட்டி, மா கிண்டிய பசையால் ஒட்டியிருக்கிறது. உள்ளே ஒரு பக்கத்தின் மேல் ஓரத்தில் 'கொலைகாரன் மாமாதான்' என்று பென்சிலால் எழுதியிருக்க, அடுத்து வாசித்த யாரோ கோபத்தில் தாள் தேயத் தேய அழித்திருக்கிறார்கள். அழித்த இடத்துக்குக் கீழே மூன்றாவது ஒருவர், 'இல்லை, கடைசிவரை வாசியுங்கள்' என்று எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் காணாத மூன்று வாசகர்கள் ஒரே பக்கத்தில் வாதாடியிருக்கிறார்கள். வாசிப்பை வளர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் கொண்டாடுகிறோம். அந்த மாதத்தில் நாம் எதிர்பார்ப்பது இந்த வாதாட்டத்தைத்தானே?

'எல்லாம் ஒரே குப்பை' என்று சொல்பவர்களுக்கு அந்தப் புத்தகங்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று தெரியாது. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளை எடுங்கள். கணேஷ் முதலில் தனியாகத்தான் வந்தார், வசந்த் பிறகு சேர்ந்தவன். இரண்டு பேரும் துப்பாக்கி தூக்குகிறவர்கள் இல்லை, வழக்கறிஞர்கள். ஒரு ஆவணம், ஒரு சாட்சி, ஒரு பொய் என்று பிடித்துக்கொண்டு போவார்கள். 'கொலையுதிர் காலம்' பேய் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் பிடிக்கும் சண்டை, எங்கள் கடையில் அதை வாசித்து முடித்தவர்களுக்குள்ளும் நடந்தது. உரக்கடைத் தம்பி ஒரு பக்கம், ஆசிரியர் ஐயா மறு பக்கம். ஒரு விஷயத்தை நம்புவதற்கு என்ன ஆதாரம் போதும் என்று அன்றைக்கு மழைக்கு ஒதுங்கி நின்ற நாலைந்து பேர் நெடுநேரம் பேசினார்கள். வசந்த் பெண்களைப் பார்த்து அடிக்கும் பகிடிகள் எனக்கு இப்போது கசக்கின்றன. என் மகள் வயதுப் பிள்ளைகள் அந்த இடங்களில் முகத்தைச் சுளிக்கிறார்கள். அது சரியான சுளிப்பு. ஆனால் வாசித்தபடியால்தான் சுளிக்கிறார்கள்.

ராஜேஷ்குமார் வேறு வகை. ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாண வீடு, அடுத்த அத்தியாயம் எங்கேயோ ஒரு ஆராய்ச்சிக்கூடம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் மாறி மாறிப் போய், கடைசியில் ஒரு முடிச்சில் வந்து விழும். ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவர் என்று சொல்லப்படுகிறது. அத்தனையும் நன்றாக இருக்க முடியாது, இல்லை. பல கதைகளில் முடிச்சு கடைசி நாலு பக்கத்தில் அவசரமாக அவிழும். அவருடைய துப்பறியும் சோடி விவேக்கும் ரூபலாவும் வருகிற கதைகளில் எனக்குப் பிடித்தது குற்றத்தைவிட அவர்களின் பேச்சுத்தான். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலாவும் அப்படித்தான். அதில் உரையாடல் ஓடுகிற வேகத்துக்கு, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளும் எழுத்துக்கூட்டுவதை விட்டுவிட்டு ஓடத் தொடங்குவார்கள். பாடப்புத்தகத்தைத் தொடாத பையன் ஒருவன் ஒரு மாத நாவலை ஒரே மூச்சில் முடித்ததை நான் பார்த்திருக்கிறேன். சுபா என்ற பெயரில் எழுதும் இரண்டு நண்பர்களின் நரேந்திரன்–வைஜயந்தி கதைகள் சாகசத்தில் கூடப் போகும், எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் எங்கள் பெற்றோரின் ஆள். தேநீரைக் குடித்துக்கொண்டு நாடு நாடாகப் போய்த் துப்புத் துலக்குவார். இன்றைக்கு வாசிக்க மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஐயா அதில்தான் ஹொங்கொங் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டதாகச் சொல்வார்.

தொடர் கதாபாத்திரத்தின் மேல் வாசகர் வைக்கும் பாசம் தமிழருக்கு மட்டும் உரியதும் இல்லை. கொனன் டொயில் 1893 இல் ஷெர்லொக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. 1903 இல் அவரைத் திரும்ப உயிரோடு கொண்டுவர வேண்டியிருந்தது. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோ 1975 இல் கதையில் இறந்தபோது நியூயோர்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் மரண அறிவித்தல் போட்டது. கற்பனை மனிதர் ஒருவருக்கு! அந்த அம்மா முதல் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர். எந்த மருந்து எந்த அளவில் நஞ்சாகும் என்று கையால் அளந்து தெரிந்தவர். 1920 இல் வந்த முதல் நாவலிலேயே அந்த அறிவைத்தான் பயன்படுத்தினார். அவருடைய கதைகளில் எனக்குப் பிடித்த நேர்மை ஒன்று உண்டு. துப்பறிபவர் காண்பதை வாசகருக்கும் காட்டிவிடுவார். கவனித்திருந்தால் நாங்களும் கண்டுபிடித்திருக்கலாம். இவருடைய நல்ல மொழிபெயர்ப்புகளையும் தேடிப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பிள்ளைகள் கவனமாக வாசிக்கப் பழக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

காதல் நாவல்களுக்கு வருகிறேன். இவற்றைப் பற்றித்தான் அதிகம் ஏளனம் கேட்டிருக்கிறேன், அதுவும் ஒன்றையும் வாசிக்காதவர்களிடம் இருந்து. ரமணிசந்திரன் கதைகளில் பெரும்பாலும் ஒரு வசதியான ஆண், தன்மானமுள்ள ஒரு பெண், இடையில் ஒரு தப்பெண்ணம், முடிவில் கல்யாணம் நிலைக்கும். எப்படி முடியும் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துதான் வாசிக்கிறோம். பகல் முழுக்க ஒரே தையலைத் தைத்துவிட்டு, ஒரு கோபம் தணிந்து ஒரு வீடு ஒன்றுசேர்வதை வாசிக்க எனக்கு ஆறுதலாக இருக்கிறது. அதற்கு நான் வெட்கப்படவில்லை.

அதே நேரம் இந்தக் கதைகளில் எனக்கு ஒரு வழக்கும் இருக்கிறது. பல காதல் நாவல்களில், பழையதிலும் சரி, இப்போது தொலைபேசியில் பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக வருவதிலும் சரி, கதாநாயகன் கையை முறுக்குவான், அதட்டுவான், பூட்டி வைப்பான், பிறகு அதெல்லாம் அன்பின் மிகுதி என்று ஆகிவிடும். இது கூடாது. என் கடையில் ஊசிக்கு நூல் கோக்கிற பிள்ளை ஒருத்தி ஒரு கதையைப் பாதியில் மூடிவைத்து, 'அக்கா, இவனை ஏன் இவள் மன்னிக்கோணும்?' என்று கேட்டாள். அங்கே இருந்த நாலு பெண்களும் வாயைத் திறந்தார்கள். ஒருத்தி தன் அக்காவின் வீட்டில் நடப்பதைச் சொன்னாள். அதற்கு முன் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் உரிமை பற்றிய கருத்தரங்குகளுக்கும் நாங்கள் போயிருக்கிறோம், துண்டுப்பிரசுரமும் வாங்கியிருக்கிறோம். அங்கே இப்படி யாரும் வாய் திறந்ததை நான் காணவில்லை. இந்தக் கதைகளை அந்தப் பிள்ளைகள் எப்படியும் தொலைபேசியில் தனியே, இரவில், ஒருவருக்கும் சொல்லாமல் வாசிக்கத்தான் போகிறார்கள். நூலகத்தில் இருந்தால் பக்கத்தில் லக்ஷ்மியின் நாவலும் இருக்கும். மருத்துவம் படித்து, தென்னாபிரிக்காவில் வாழ்ந்து, 1984 இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர் அவர். அவர் எழுதியதும் குடும்பக் கதைதான். ஒன்றை வாசித்தவள் மற்றதையும் எடுப்பாள், ஒப்பிட்டுப் பார்ப்பாள்.

வன்னியில் இந்தப் புத்தகங்களுக்கு ஒரு தனி இடம் உண்டு, அதையும் நீங்கள் அறிய வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். பாடம் முடிந்து மிஞ்சிய எண்ணெயில் அம்மா ஏசாமல் விட்டால் ரெண்டு பக்கம் கதை. 2009 இல் இறுதிப் போரில் வீட்டோடு எல்லாம் போனது, ஊர் வாசிகசாலைகளும் போயின. இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் முன்னட்டை இல்லாத ஒரு குடும்ப நாவல் கூடாரம் கூடாரமாகப் போனது. தாள் கழன்று விழ, முதலில் வாசித்து முடித்தவர் கழன்ற தாள்களை அடுத்தவருக்குக் கொடுத்தார். ஒரே புத்தகத்தை ஒரே நாளில் மூன்று பேர் வெவ்வேறு இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் எங்களிடம் யாராவது 'இது தரமான இலக்கியமா' என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம்?

இன்னொன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். இன்னும் பதில் இல்லை. எங்கள் வட்டத்திலும் அப்படி ஒரு அம்மா இருக்கிறா. அவ மர்ம நாவல் மட்டும்தான் வாசிப்பா. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவவாகவே ஒருநாள் சொன்னா: 'இதிலயாவது கடைசியில ஆரெண்டு சொல்லுறாங்கள், பிள்ளை.' பொழுதுபோக்கு என்று இந்த நாவல்களைத் தள்ளிவைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சரி, உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன்.

முதலாவது, வாங்கினால் தொடராக வாங்குங்கள். நன்கொடையாக வருகிற பெட்டிகளில் இரண்டாம் பாகம் இருக்கும், முதலாம் பாகம் இராது. கிறிஸ்டியையோ கணேஷ்–வசந்தையோ எந்த ஒழுங்கில் வாசித்தாலும் பெரிய குறை இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பாகம் பாகமாகச் சொல்லும் கதையில் நடுப்பாகம் மட்டும் இருந்தால் அது அலுமாரியை அடைக்கத்தான் உதவும். முதுகில் இலக்கம் எழுதி வரிசையாக வைத்தால் நூலகருக்கும் லேசு.

வேலைக்குப் போகிற பெண்கள் வந்து சேர்வதற்குள் நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். தொழிற்சாலை பஸ் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். கிழமையில் ஒருநாளாவது நேரத்தை நீட்டுங்கள். அது முடியாவிட்டால் ஞாயிறு அரை நாள் திறவுங்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான், மாந்தை கிழக்குப் பக்கத்து உட்கிராமங்களுக்கு ஒரு நடமாடும் நூலகம் வந்தால் அதில் முதல் தட்டு கதைப்புத்தகமாக இருக்கட்டும். மற்றப் புத்தகங்களைத் தேடி அவர்கள் பிறகு வருவார்கள்.

இனி எனக்கு மிகவும் விருப்பமான விஷயம். வாசிப்பு மாதத்தில் பிள்ளைகளுக்கு 'நூலகத்தின் பயன்கள்' என்று கட்டுரைப் போட்டி வைக்கிறீர்கள். அதோடு ஒரு மர்மச் சிறுகதைப் போட்டியும் ஒரு காதல் குறுநாவல் போட்டியும் வையுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்து. இந்த மண்ணில் கதை இல்லையா? இரவில் உழவு இயந்திரத்தில் போகும் கள்ள மணல், காட்டுக்குள் விழும் முதிரை மரம், ஒரே காணிக்கு இரண்டு பேரிடம் இருக்கும் அனுமதிப்பத்திரம், குளத்துக் கதவை இரவோடு இரவாகத் திறந்தவர் யார் என்ற சண்டை. சென்னையில் கார் துரத்துகிற கதையைவிட எனக்கு ஒரு கமக்கார அமைப்பின் கூட்டத்தில் தொடங்கும் துப்பறியும் கதை வேண்டும். சந்தேக நபர்கள் எல்லாரும் பங்குபற்றும் கூட்டம் அதுதானே. தண்ணீர் எத்தனை மணிக்குத் திறந்தது, வயலுக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று வாய்க்காலின் நீளத்தைக் கொண்டே பொய்யைப் பிடிக்கிற ஒரு வன்னித் துப்பறிவாளரை நான் வாசிக்க ஆசைப்படுகிறேன். அவர் ஒரு பெண்ணாக, சமுர்த்தி உத்தியோகத்தராகவோ தபால் ஊழியராகவோ இருந்தால் இன்னும் நல்லது. எல்லா வீட்டுப் படலையையும் திறந்து உள்ளே போகக்கூடிய ஆள்.

இது நடக்காத காரியம் இல்லை, முன்பு நடந்திருக்கிறது. எழுபதுகளில் தமிழகச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரிப் பிரசுரம் உள்ளூர் எழுத்தாளர்களிடம் நாவல் வாங்கி, சாதாரண வாசகர் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டது. 1973 இல் அப்படி வந்ததுதான் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. தண்ணிமுறிப்புக் காட்டோரத்தில் நடக்கும் கதை. பதஞ்சலி, கதிராமன் என்று அதன் மனிதர்கள் எங்கள் சொந்தக்காரர்போல் பேசுகிறார்கள். அதைப் பெரிய இலக்கியம் என்று இப்போது எல்லாரும் மதிக்கிறோம். அடிப்படையில் அது ஒரு காதல் கதையும்தான். ஐம்பது வருடம் கழிந்தும் எங்கள் பெண்கள் அதை வாசித்துவிட்டுப் பதஞ்சலிக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் மின்னூலாகக் கிடைக்கிறது. ஆனால் என் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரையில் காட்டுப் பாதை தெரியவில்லை. வன்னியின் ஒவ்வொரு நூலகத்திலும் தாளில் ஐந்து பிரதியாவது இருக்க வேண்டிய புத்தகம் அது.

பணம் இல்லை என்று சொல்வீர்கள். புத்தக விலையும் கப்பல் கூலியும் ஏறிக் கிடப்பது எங்களுக்கும் தெரியும், கடைசியாக ஒரு புதிய நாவலின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுத்தான் நானும் வந்தேன். அதனால்தான் சபையிடம் கேட்கிறோம். ஒரு புத்தகத்தை நான் வாங்கினால் என் வட்டம் வாசிக்கும், நீங்கள் வாங்கினால் ஊர் வாசிக்கும். முழுத் தொகையையும் கேட்கவில்லை. பத்தில் இரண்டு பங்கு போதும். கிழிந்த புத்தகங்களைக் கட்டித் தர என்னிடம் ஊசியும் மெழுகு நூலும் இருக்கின்றன, காசு வேண்டாம். எங்கள் பிள்ளைகள் வந்து தாள் அடுக்கித் தருவார்கள்.

போன முறை கொடுத்த பட்டியலைத் திருத்தி, எந்தத் தொடரில் எந்தப் பாகம் எங்கள் நூலகத்தில் இல்லை என்று அலுமாரி அலுமாரியாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறோம். வரவுசெலவுத் திட்டக் கூட்டத்துக்கு முன் அதை எங்கள் சபை அலுவலகத்தில் ஒப்படைப்போம். மற்றச் சபைகளின் வாசகர்களும் தங்கள் நூலகங்களில் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், அதை நூலக அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். பட்டியலில் எந்தப் புத்தகம் ஏன் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், அதை வாசித்தவர்கள் வந்து உங்களோடு பேசத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு வாசகி